ஆலைப் பூச்சும் ஆயுத பூஜைப் பூச்சும்

வார்ப்பிரும்பு இன்ஜினுக்கு நிறம் பூசும் வழக்கம் அழகுணர்ச்சியில் பிறந்ததன்று. மணல் அச்சில் வார்த்தெடுத்த இரும்பு ஈரக்காற்று பட்ட சில நாள்களிலேயே துருப்பிடித்துவிடும் என்பதாலும், வார்ப்பின் நுண்துளைகளில் ஒட்டிக் கிடக்கும் அச்சு மணலைப் பூச்சு அமுக்கி வைக்கும் என்பதாலும், எண்ணெய் எங்கே கசிகிறது என்பதை வழவழப்பான பரப்பில் எளிதாகக் கண்டுகொள்ளலாம் என்பதாலும் மோட்டார் ஆலைகள் இன்ஜினின் வெளிப்புறத்துக்கு எனாமல் அடித்தன. இந்தக் காரணங்களுக்கு எந்த நிறமும் போதும். ஆனால் ஒவ்வோர் ஆலையும் தனக்கென ஒரு நிறத்தை வைத்துக்கொண்டதால், நாளடைவில் அந்த நிறமே இன்ஜினின் பிறப்புச் சான்று போலாகிவிட்டது. பழைய கார்களைப் பழுதுபார்த்துப் பிறந்த நிலைக்கு மீட்போர் 'ஆலை நிறம்' என்று குறிப்பிடுவது இதைத்தான்: ஆலையின் வாயிலைக் கடந்தபோது இன்ஜினின் எந்தப் பாகத்தில் எந்த நிறம், எவ்வளவு கனத்தில், எந்த ஒழுங்கில் இருந்ததோ அது. கோயம்புத்தூர், திருப்பூர் வட்டாரத்தில் இந்த நிறத்தைத் தேடுவது பிற நாடுகளில் தேடுவதைவிடக் கடினமானது. அதற்குக் காரணம் அலட்சியம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் இயந்திரத்தின் மீது இவ்வட்டாரத்தார் வைத்திருக்கும் மரியாதையே அதற்குப் பெரிய காரணம்.

மோட்டார் வாகனத்தின் முதல் தலைமுறையில் இரும்புப் பாகங்களுக்குரிய பூச்சு 'ஜப்பான் கருப்பு' எனப்பட்டது. நிலக்கீலையும் ஆளிவிதை எண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சி, பூசிய பின் சூளையில் சுட்டு உறுதியாக்கும் கரிய பூச்சு அது. ஃபோர்டின் மாடல் டி கார் 1914 முதல் 1925 வரை கருப்பு நிறத்தில் மட்டுமே விற்கப்பட்டதற்கு இந்த வகைப் பூச்சின் மலிவும் உறுதியும் முக்கியக் காரணங்கள். மற்ற கார்களின் உடலுக்கு, குதிரை வண்டிக் காலத்து முறைப்படி, தூரிகையால் பல வாரங்கள் வார்னிஷ் மேல் வார்னிஷாகப் பூசி வந்தனர். 1923இல் டூபான்ட் நிறுவனம் 'டூக்கோ' என்ற பெயரில் நைட்ரோசெல்லுலோஸ் அரக்கை வெளியிட்டு, ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லாண்ட் கார்களுக்கு அது பூசப்பட்டபோது, வாரக்கணக்கான வேலை மணிக்கணக்காகச் சுருங்கியது. பருத்தி நாரை நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்திக் கிடைக்கும் பொருளே இந்த அரக்கின் அடிப்படை என்பது பருத்தியாலேயே வாழும் ஒரு வட்டாரம் நினைவில் வைத்துக்கொள்ளத் தக்கது. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இன்றும் 'டூக்கோ' என்பது ஒரு நிறுவனத்தின் பெயராக அன்றி, தின்னர் கலந்து ஸ்பிரே கன்னால் அடித்து உடனே உலரும் எந்தப் பூச்சுக்கும் பொதுப்பெயராகவே வழங்குகிறது. ஆனால் டூக்கோ உடலுக்கு உரியது. இன்ஜினின் சூட்டில் அது மஞ்சளித்து வெடித்துவிடும் என்பதால், இன்ஜின்களுக்கு எண்ணெய் சார்ந்த எனாமலே தொடர்ந்தது.

அந்த எனாமலில்தான் நிறங்களின் அகராதி எழுதப்பட்டது. 1928 முதல் 1931 வரை வந்த ஃபோர்டு மாடல் ஏ காரின் இன்ஜின் கரும்பச்சை. அதே காலத்துச் செவ்ரலே ஆறு சிலிண்டர் இன்ஜின் சாம்பல். 1955இல் வெளிவந்த செவ்ரலேயின் வி8 இன்ஜினுக்கு வாய்த்த ஆரஞ்சு நிறம் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டு உலகப் புகழ் பெற்றது. ஃபோர்டு நிறுவனம் 1966இல் தன் எல்லா இன்ஜின்களுக்கும் ஒரே நீலத்தைக் கொண்டுவந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1977இல் தன் பிரிவுகளுக்கெல்லாம் பொதுவான நீலத்துக்கு மாறியது. பிரிட்டனில் பி.எம்.சி. நிறுவனத்தின் சிறிய ஏ வகை இன்ஜின் பச்சையாகவும், அதே நிறுவனத்தின் எம்ஜிபி காருக்குச் சென்ற இன்ஜின் முதலில் செம்பழுப்பாகவும் பின்னர் கருப்பாகவும் இருந்தன. ஜாகுவார் ஆலையில் நிறம் இன்ஜினின் திறனையே குறிக்கும் சங்கேதமாயிற்று: எக்ஸ்கே இன்ஜினின் சி வகைத் தலைப்பகுதிக்குச் சிவப்பு, பிற்பாடு வந்த ஈ வகைக் காருக்குப் பொன்னிறம் என்று வகுத்திருந்ததால், பானெட்டைத் திறந்த மெக்கானிக் எண்ணைத் தேடாமலேயே எந்த வார்ப்பு என்று சொல்லிவிட முடிந்தது. ஆகவே பச்சை இன்ஜினுக்கு நீலம் அடிப்பது வெறும் ரசனைப் பிழை ஆகாது. ஒருவருடைய பத்திரத்தில் வேறொருவர் பெயரை எழுதுவதற்கு அது ஒப்பாகும்.

எனினும் டப்பாவில் உள்ள நிறம் ஒத்துப்போனால் மட்டும் இன்ஜின் ஆலை நிலையை அடைந்துவிடாது. பாகங்கள் பூட்டப்பட்ட இன்ஜின், தலைக்கு மேல் ஓடும் சங்கிலியில் தொங்கியபடி பூச்சறைக்குள் நுழையும். அங்கே நிற்கும் தொழிலாளி சில நொடிகளில் இரு பக்கமும் ஸ்பிரே அடித்து அனுப்பிவிடுவார். அந்த நொடியில் இன்ஜின் மேல் எது பூட்டியிருந்ததோ அதன் மேலெல்லாம் நிறம் விழும். போல்ட்டின் தலை, வாஷரின் விளிம்பு, கேஸ்கட்டின் ஓரம் எதுவும் தப்பாது. அதற்குப் பிறகு பூட்டப்படும் கார்புரேட்டரும் டைனமோவும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் டிஸ்ட்ரிபியூட்டரும் தத்தம் இயல்பான அலுமினிய வெள்ளையோடோ கருப்போடோ நிற்கும். செவ்ரலே இன்ஜின்கள் பலவற்றில், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் பூட்டிய நிலையிலேயே ஆரஞ்சு அடிக்கப்பட்டது. இன்ஜின் தொகுதியின் வெளிச்சுவர் ஏறத்தாழ 100 டிகிரியோடு நிற்க, மேனிஃபோல்டு பல நூறு டிகிரிக்குச் சூடாவதால், வண்டி ஓடிய முதல் சில நாள்களிலேயே அந்த ஆரஞ்சு கருகி உதிர்ந்து, ஓரங்களில் மட்டும் தீற்றலாக எஞ்சும். தொழிலாளியின் கை எட்டாத அடிப்பகுதியில் பூச்சு மெல்லியதாக இருக்கும். பின்புறத்தில் வெறும் பனிபோல் படிந்திருக்கும். போல்ட்டை முறுக்கிச் சரிபார்த்ததற்கு அடையாளமாகச் சோதகர் வைத்த மஞ்சள் அல்லது வெள்ளைப் பொட்டும், சாக்பீஸ் கோடும் அதன் மேல் இருக்கும். நிறம் எங்கே விழுந்தது, எங்கே விழவில்லை என்பதைக் கூர்ந்து பார்த்தால் எந்தப் பாகம் முன்னே பூட்டப்பட்டது, எது பின்னே வந்தது என்று ஆலையின் வேலை வரிசையையே படித்துவிடலாம்.

1974இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட தேசிய கார்வெட் மீட்பாளர் சங்கம், மதிப்பெண் போட்டுக் கார்களைத் தேர்வு செய்யும் தன் முறையில், இந்தக் கறைகளையும் தீற்றல்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. ஆலையில் இல்லாத பளபளப்பைக் கொடுத்து, ஒழுகலே இல்லாமல் கண்ணாடிபோல் பூசிய இன்ஜின் அங்கே மதிப்பெண்ணை இழக்கும். நன்றாகச் செய்தது தவறாகிவிடும் இந்த நிலை முதலில் விந்தையாகத் தோன்றலாம். ஆனால் பழங்கோயில் கல்வெட்டைப் படியெடுப்பவர் அதிலுள்ள எழுத்துப் பிழையையும் அப்படியே படியெடுப்பதும், திருத்தி எழுதினால் அது கல்வெட்டாகாமல் போவதும் தமிழ் வாசகருக்குப் பழகிய நெறியே.

இந்தியாவுக்கு வந்தால் கேள்வியே வேறாகிவிடுகிறது: ஆலை நிறம் என்றால் எந்த ஆலையின் நிறம்? ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாயின் சிவ்ரியில் ஆலை திறந்து, பெட்டிகளில் வந்த பாகங்களைக் கொண்டு செவ்ரலே கார்களையும் லாரிகளையும் பூட்டத் தொடங்கியது. ஃபோர்டும் பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய துறைமுகங்களில் பூட்டு ஆலைகளை நடத்தியது. இவ்வாறு பிரித்த நிலையில் வந்து இங்கே பூட்டப்பட்ட வண்டிகளின் உடலுக்கு இந்தியாவில் நிறம் கொடுத்தாலும், இன்ஜின் பெரும்பாலும் முழுமையாகப் பூட்டப்பட்டு, கடல் கடந்த ஆலையின் எனாமலோடேயே வந்து இறங்கியது. 1948இல் தொடங்கப்பட்டு எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 காரைப் பூட்டிய அசோக் மோட்டார்ஸ், அதே ஆண்டு நிறுவப்பட்டு வண்டலூரை அடுத்த பெருங்களத்தூரில் வேன்கார்டையும் பின்னர் 1961 முதல் ஹெரால்டையும் தயாரித்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆகியவற்றின் தொடக்கக் கால வண்டிகளுக்கும் இது பொருந்தும். 1953இல் டாரிஃப் கமிஷனின் பரிந்துரையை ஏற்று, உள்நாட்டிலேயே தயாரிக்கும் திட்டம் இல்லாத நிறுவனங்கள் வெளியேற வேண்டும் என்று அரசு முடிவெடுத்த பின், நிலைத்து நின்ற நிறுவனங்கள் படிப்படியாக வார்ப்பையும் கடைசலையும் பூச்சையும் இங்கேயே கொண்டுவந்தன. சென்னை செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸும், 1961 முதல் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்ஸும் பாகங்களைத் தந்தன. ஆகவே ஒரே மாதிரிக் காரின் 1950ஆம் ஆண்டு வண்டிக்கும் 1965ஆம் ஆண்டு வண்டிக்கும் ஆலை நிறம் ஒன்றாகவே இருக்கும் என்று கொள்ள முடியாது. இங்கிலாந்தில் அச்சான புத்தகத்தைப் பார்த்து உத்தர்பாராவில் வார்த்த அம்பாசடர் இன்ஜினுக்கு நிறம் தேர்வது இதனாலேயே வழுக்கலான வேலை.

கொங்கு நாட்டில் மோட்டார் வண்டி வசதி படைத்தோரின் பொழுதுபோக்காக மட்டும் நிற்கவில்லை. விரைவிலேயே பிழைப்புக் கருவியாகிவிட்டது. கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு 1920இல் ஒரே ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டத் தொடங்கி, யூ.எம்.எஸ். என்ற பெரும் போக்குவரத்து நிறுவனமாக அதை வளர்த்த கதை இவ்வட்டாரத்தில் எல்லோரும் அறிந்ததே. அவர் பெயரால் கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் 2015 முதல் இயங்கும் ஜீடி கார் அருங்காட்சியகம் பழைய கார்களை நேரில் பார்க்க இங்குள்ளோருக்கு வாய்த்த நல்ல இடம். பருத்திச் சந்தையாகவும் ஜின்னிங் ஆலைகளின் ஊராகவும் இருந்த திருப்பூரிலும், சுற்றியுள்ள தோட்டங்களின் கிணற்று மேட்டிலும், 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்து பரவும் வரை ஆயில் இன்ஜினே பெருந்துணையாக இருந்தது. இன்ஜின் நின்றால் பயிர் வாடும், பேருந்து நின்றால் அன்றைய வருமானம் போகும் என்ற நிலையில், ஆலை எந்தப் பச்சையைப் பூசியது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. இன்ஜினைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் கையில் கிடைத்த எனாமலை அடித்தார்கள். பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாமல், பழைய அமெரிக்க லாரிகளிலும் கார்களிலும் முதல் இன்ஜினையே இறக்கிவிட்டு, சென்னை சிம்ப்சன் நிறுவனம் 1950களில் தயாரிக்கத் தொடங்கிய பெர்கின்ஸ் டீசல் இன்ஜினை ஏற்றியதும் உண்டு. அத்தகைய வண்டியில் ஆலை நிறத்தைத் தேடும் கேள்வியே எழாது.

இதற்கு மேல் இரண்டு வழக்கங்கள் சேர்ந்துகொண்டன. ஒன்று எஃப்சி, அதாவது வாடகை வாகனங்களும் சரக்கு வாகனங்களும் சாலையில் ஓடத் தகுதியுடையவை என்று அவ்வப்போது அரசிடம் பெற வேண்டிய சான்று. வண்டியை அதற்குக் கொண்டுபோகும் முன் உடலோடு சேர்த்து சேஸிஸுக்கும் இன்ஜினுக்கும் ஒரு கோட் அடித்துவிடுவது பட்டறை மரபு. மற்றொன்று ஆயுத பூஜை. நவராத்திரியின் ஒன்பதாம் நாளுக்கு முன், லேத் முதல் தறி வரை, தண்ணீர் மோட்டார் முதல் லாரி வரை எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, பெயின்ட் அடித்து, திருநீற்றுப் பட்டையும் சந்தனமும் குங்குமமும் இட்டு, வாழைக்கன்று கட்டிப் படைக்கும் வழக்கத்தில், இன்ஜினுக்கு ஆண்டுக்கு ஒரு புத்தாடை கிடைத்தது. அந்தப் புத்தாடை பெரும்பாலும் 'சில்வர்' எனப்படும் அலுமினியத் தூள் கலந்த பூச்சு. சூடு தாங்கும், தூரிகையிலேயே அடிக்கலாம், ஒரு சின்ன டப்பா போதும், பூஜை நாளில் பளிச்சென்று தெரியும். இருபது ஆண்டு பூஜை கண்ட ஓர் இன்ஜினின் பக்கவாட்டைச் சுரண்டினால், மரத்தின் ஆண்டு வளையம்போல் சில்வரும் பச்சையும் சிவப்பும் மாறி மாறி வரும். இடையிடையே எண்ணெய்க் கசடு ஒரு கரிய கோடாக நிற்கும். மீட்பாளர் பலர் இதைக் கண்டு நொந்துகொள்வதுண்டு. ஆனால் இந்தப் பூச்சுகள் ஆலை நிறத்தை மறைத்தனவே தவிர அழிக்கவில்லை. வெயிலும் துருவும் அண்டாமல் அடியில் அதைக் காத்தும் கொடுத்தன. அழிவு நேர்வது பெரும்பாலும் மீட்பு வேலையில்தான்: முதல் நாளே இன்ஜினைக் காஸ்டிக் தொட்டியில் இறக்கியோ மணல் பீய்ச்சியோ வெள்ளிரும்பாக்கிவிடும்போது, ஆலைப் பூச்சும் ஆயுத பூஜைப் பூச்சும் ஒருசேரப் போய்விடுகின்றன.

திருப்பூரை அடுத்த முதலிபாளையம் இந்த வரலாற்றுக்குள் வருவது காரால் அன்று, துணியால். சிட்கோ தொழிற்பேட்டையும், ஏற்றுமதிப் பின்னலாடை வளாகமும், பின்னலாடை வடிவமைப்புக்கான நிஃப்ட் டீ கல்லூரியும் அமைந்த இவ்வூர் போன்ற இடங்களில் கட்டிங் மேசையிலிருந்து விழும் துண்டுகள் நிறம் வாரியாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பகுதி மறுபடி நூலாக்கவும், ஒரு பகுதி 'பனியன் வேஸ்ட்' என்ற பெயரில் எடைக்கு விற்கப்பட்டு மோட்டார் பட்டறைகளுக்கும் போகின்றன. இன்ஜின் துடைக்கும் துணி என்றாலே மெக்கானிக்குகளுக்கு அதுதான். அதிலும் வெள்ளை வேஸ்ட்டுக்கும் கலர் வேஸ்ட்டுக்கும் விலை வேறு. கிரீஸ் துடைக்கக் கலர் போதும், ஆனால் பெயின்ட் அடிக்கும் முன் தின்னரில் நனைத்துக் கடைசியாகத் துடைப்பதற்குப் பெயின்டர் வெள்ளையைத்தான் கேட்பார், ஏனெனில் சாயத் துணியின் நிறம் தின்னரில் கசிந்து இரும்பில் ஏறினால் மேல் பூச்சில் அது கறையாகத் தெரியும். வெட்டிய விளிம்பிலிருந்து உதிரும் பஞ்சுத் தூசு ஈரப் பூச்சில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், விளிம்பை உள்ளே மடித்துக்கொண்டு துடைப்பது கைப்பழக்கம்.

துணியைவிடவும் பெரிய பொருத்தம் நிறம் பார்க்கும் கலையில் இருக்கிறது. வெளிநாட்டு வாங்குநர் அனுப்பும் ஒரு துண்டுத் துணியின் ஷேடைப் பிடிப்பதற்காகச் சாய ஆலையின் ஆய்வகத்தில் சிறு அளவில் சாயமேற்றிப் பார்க்கும் மாதிரிக்கு 'லேப் டிப்' என்று பெயர். அது ஒப்புதல் பெற்ற பிறகே மொத்தத் துணியும் சாயத்துக்குள் இறங்கும். ஒப்பிடுவதற்கென்றே 'லைட் பாக்ஸ்' என்ற, சாம்பல் நிற உட்சுவர் கொண்ட பெட்டி உண்டு. அதில் பகல் வெளிச்சத்தை ஒத்த டி65 விளக்கும், கடை வெளிச்சத்தை ஒத்த டிஎல்84 குழல் விளக்கும் மாறி மாறி எரியும். ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு துணிகள் மறு விளக்கில் வேறாகத் தெரிந்தால் அதை 'மெட்டாமெரிசம்' என்பர். சாயத்தில் கலந்த மூலப்பொருள்கள் வேறுபடுவதே அதற்குக் காரணம். இன்ஜின் நிறத்திலும் இதே சிக்கல் அப்படியே வருகிறது. பழைய பச்சை, ஆரஞ்சு எனாமல்களில் ஈயக் குரோமேட் சார்ந்த நிறமிகள் பெருவழக்காக இருந்தன. குரோம் மஞ்சளோடு பிரஷ்ய நீலம் சேர்ந்ததே அக்காலத்து 'குரோம் பச்சை'. ஈயத்தின் நச்சுத்தன்மை கருதி அத்தகைய நிறமிகள் ஒதுக்கப்பட்டு வருவதால் (இந்தியாவிலும் வீட்டுப் பெயின்ட்களில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது), வேறு நிறமிகளால் இன்று கலக்கப்படும் பச்சை, பட்டறைக் குழல் விளக்கில் பழையதோடு ஒத்துப்போய், வாசலில் வெயிலில் நிறுத்தியதும் பிசகிவிடக்கூடும். கண்ணால் மட்டும் பார்த்து 'சரியாப் போச்சு' என்று சொல்லும் பெயின்டரைவிட, இரண்டு விளக்கில் பார்க்காமல் தலையசைக்காத திருப்பூர்ச் சாயக்காரரே இவ்விஷயத்தில் நல்ல நடுவர்.

பழைய பூச்சும் தான் பிறந்தபடியே இருப்பதில்லை. எண்ணெய் சார்ந்த எனாமல் சூட்டில் மஞ்சளிக்கும். ஆகையால் நீலம் சற்றே பச்சையாகவும், வெளிர் சாம்பல் பழுப்பாகவும் மாறித் தோன்றும். எண்ணெய் ஊறிய இடம் கறுத்திருக்கும். உண்மை நிறம் சூடும் வெளிச்சமும் எட்டாத இடங்களில்தான் எஞ்சும்: டைனமோ தாங்கியின் முதுகு, வாட்டர் பம்ப்பின் பின்விளிம்பு, ஆலைத் தகட்டின் அடி, டைமிங் கவரின் மடிப்பு. அத்தகைய ஓர் இடத்தைத் தேர்ந்து, முரட்டு எமரியில் தொடங்காமல், மென்மையான எமரித் தாளை நீரில் நனைத்து நாணய அளவில் வட்டமாகத் தேய்த்தால், ஒவ்வொரு கோட்டும் ஒரு வளையமாக விரிந்து, நடுவில் இரும்பும் அதைச் சுற்றி முதல் பூச்சும் தெரியவரும். அந்த முதல் வளையத்தைத் தரப்படுத்திய நிற அட்டையோடு ஒப்பிட்டு எண்ணைக் குறித்துக்கொள்வதே முறை. 1927இல் 40 நிறங்களோடு ஜெர்மனியில் தொடங்கிய ஆர்ஏஎல் அட்டையும், பிரிட்டிஷ் 381சி அட்டையும், அதன் எண்களைத் தழுவிய இந்தியத் தரமான ஐ.எஸ். 5 அட்டையும் இதற்கு உதவும். 'கருஞ்சாம்பல்' என்று எழுதி வைப்பதால் அடுத்தவருக்குப் பயனில்லை. 632 என்று எழுதினால் அது கருஞ்சாம்பலில் இன்ன சாம்பல் என்று யாருக்கும் விளங்கும்.

2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதியின்படி, 50 ஆண்டுகளைக் கடந்து, பெரிய மாற்றம் இல்லாமல் காக்கப்பட்டு வரும் வாகனத்தைப் பழம்பெரும் வாகனமாகப் பதிந்து, 'விஏ' எழுத்துகள் கொண்ட தனி எண் பெறலாம். முதற்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். சேஸிஸ், உடல், இன்ஜின் ஆகியவற்றில் பெருமாற்றம் கூடாது என்று சொல்லும் அந்த விதி பூச்சின் நிறத்தைப் பொருட்படுத்தவில்லை. பதிவு அலுவலகத்துக்கு வேண்டியது இன்ஜினில் வெட்டிய எண். அந்த எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுப்பதற்காக, எண் வெட்டிய இடத்தையும் அதைச் சுற்றியுள்ள விரற்கடை அகலத்தையும் பட்டறையில் உளியால் சுரண்டிப் பளபளப்பாக்கிவிடுகிறார்கள். ஆலை எந்தப் பக்கத்தை மறைத்து நிறம் அடித்தது என்று காட்டும் விளிம்பு பெரும்பாலும் அந்த விரற்கடைக்குள்தான் இருக்கிறது. கொங்கு வட்டாரத்தில் பழைய இன்ஜினைக் கையில் எடுப்போர் எண்ணின் மேல் படிந்ததை மட்டும் தின்னரில் நனைத்த வெள்ளை வேஸ்ட்டால் ஊறவைத்துத் துடைக்கட்டும். காஸ்டிக் தொட்டிக்கு அனுப்பும் முன், டைனமோ தாங்கியின் பின்னே ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தை எல்லாப் பூச்சுகளோடும் வளையமாகத் தேய்த்து, பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, அட்டையின் எண்ணோடு வண்டியின் ஆர்.சி. புத்தகத்துக்குள் வைக்கட்டும்.